கயிறு அறுந்தால் லிஃப்ட் விழுமா? எலிஷா ஓடிஸின் கதை

மொட்டைமாடி:
எங்கள் அபார்ட்மெண்ட் லிஃப்ட் போன வாரம் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே என் அம்மா, கையில் ஒரு கீரைக்கட்டு, அவ்வளவுதான். இருபது நிமிஷம் கழித்துக் கதவைத் திறந்து இறக்கினார்கள். வெளியே வந்ததும் அம்மா கேட்டது ஒரே கேள்வி: "கயிறு அறுந்திருந்தா?" அன்றிலிருந்து முழங்கால் வலியோடு நான்கு மாடியும் படிதான்.

அம்மாவுக்குப் பதில் சொல்லத் தேடப் போய் எலிஷா ஓடிஸ் என்ற மனிதரின் வாழ்க்கையில் மாட்டிக்கொண்டேன். லிஃப்ட் வாசலில் தினம் பார்க்கிற பெயர். கம்பெனி பெயர் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன், அதற்குப் பின்னால் இப்படி ஒரு ஆள் இருப்பார் என்று தோன்றவே இல்லை.

1811 ஆகஸ்ட் 3-ல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ஹாலிஃபாக்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். ஆறு பிள்ளைகளில் கடைக்குட்டி. 19 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரில் வண்டி ஓட்டினார். 1834-ல் கல்யாணம். அப்புறம் வெர்மாண்டுக்கே திரும்பி ஆற்றங்கரையில் மாவு மில் வைத்தார், ஓடவில்லை. அதையே மரம் அறுக்கும் மில்லாக மாற்றினார், அதற்கும் ஆள் வரவில்லை. சரி என்று குதிரை வண்டி செய்து விற்க ஆரம்பித்தார். நடுவில் நிமோனியா வந்து ஆளையே கொண்டுபோகப் பார்த்தது. 1842-ல் மனைவி சூசன் இறந்துபோனார். கையில் இரண்டு பையன்கள்: சார்லஸ், நார்ட்டன். சின்னவன் அப்போதுதான் நடை பழகி முடித்த வயது.

பையன்களைக் கூட்டிக்கொண்டு ஆல்பனிக்குப் போய் ஒரு கட்டில் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். கட்டில் சட்டங்களைக் கடைந்தெடுக்கத் தானே ஒரு இயந்திரம் செய்தார். கையால் செய்வதைப்போல நான்கு மடங்கு வேகம். முதலாளி சந்தோஷப்பட்டு 500 டாலர் கொடுத்தார். அந்தக் காசில் சொந்தப் பட்டறை போட்டார். ஓடையில் வரும் தண்ணீர்தான் அதற்கு விசை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது நகராட்சி, குடிதண்ணீர் வேண்டும் என்று அந்த ஓடையையே திருப்பிக்கொண்டு போய்விட்டது. நம் ஊரில் இதற்குச் சனி கூடவே குடியிருக்கிறான் என்போம்.

அப்புறம் நியூ ஜெர்சி, அங்கிருந்து நியூயார்க்குக்குப் பக்கத்தில் யாங்கர்ஸ். மறுபடியும் கட்டில் கம்பெனிதான். ஒரு பழைய மில்லைக் கட்டில் தொழிற்சாலையாக மாற்றும் பொறுப்பு. கனமான சாமான்களை மேல்மாடிக்கு ஏற்ற வேண்டும். கயிறு கட்டித் தூக்கும் பலகை மேடைகள் அந்தக் காலத்திலேயே இருந்தன, அடிக்கடி கயிறு அறுந்து ஆளைக் கொன்றுகொண்டும் இருந்தன. 1852-ல், 40 வயதைத் தாண்டிய ஓடிஸ், கயிறு அறுந்தாலும் விழாத ஒரு மேடையைச் செய்தார்.

எனக்குப் பிடித்தது அடுத்த விஷயம். செய்துவிட்டு அதை அவர் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. காப்புரிமைக்கும் போகவில்லை, முதலாளியிடம் கூடுதல் காசும் கேட்கவில்லை. வேலைக்கு ஒரு மேடை வேண்டும், ஆள் சாகக் கூடாது, செய்தாயிற்று, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

மீதியைச் சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

சும்மா கேட்கிறேன்:
அப்போ லிஃப்டைக் கண்டுபிடித்தவர் ஓடிஸ் இல்லையா? ஸ்கூல்ல பொது அறிவுப் புத்தகத்துல அப்படித்தானே மனப்பாடம் பண்ணோம். அந்த ஒரு மார்க்கைத் திருப்பித் தரணுமா?

பழைய பேப்பர்:
மார்க்கை வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, யாரும் கேட்க மாட்டார்கள்.

தூக்கி இறக்கும் மேடை மிகப் பழையது. ரோமின் கொலோசியத்தில் நிலவறையிலிருந்து மிருகங்களை மேலே அனுப்பக் கூண்டுகள் இருந்தன, ஆட்கள் உருளையைச் சுற்றித் தூக்குவார்கள். 1743-ல் வெர்சாய் அரண்மனையில் பதினைந்தாம் லூயி மன்னருக்கு எதிர் எடை போட்ட ஒரு நாற்காலி இருந்தது, மாடிக்கு மாடி போவதற்கு. இங்கிலாந்துப் பஞ்சாலைகளில் 1830-களிலேயே பெல்ட்டில் ஓடும் லிஃப்ட் வந்துவிட்டது. எல்லாவற்றிலும் ஒரே பயம்தான். தூக்குவது கயிறு, அது போனால் எல்லாம் போச்சு. அதனால் பெரும்பாலும் சரக்கு ஏறியது, மனிதன் படியில் நடந்தான்.

ஆகவே ஓடிஸ் கண்டுபிடித்தது லிஃப்டை நிறுத்துவதை. இதைச் சொன்னால் என் பேத்தி சிரிக்கிறாள்.

கிரீஸ் கை:
இருபத்தி இரண்டு வருஷமாக லிஃப்ட் மெயின்டனன்ஸ் வேலை. எப்போதும் படித்துவிட்டுப் போகிற ஆள்தான், இந்தத் தலைப்பைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

ஓடிஸ் செய்த பிரேக்கைப் புரிந்துகொள்ள ஒரு லாரிக்கு அடியில் எட்டிப் பாருங்கள். சக்கரத்துக்கு மேலே வளைந்த இரும்புப் பட்டை இருக்கும், கமான் பட்டை என்போம். குதிரை வண்டிக்கும் அந்தக் காலத்தில் அதேதான். ஓடிஸ் வண்டி செய்து பிழைத்தவர் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்தக் கைதான் இங்கே வேலை செய்திருக்கிறது என்பது என் ஊகம்.

மேடையின் தலைமாட்டில் ஒரு கமான் பட்டையைப் படுக்க வைத்து, தூக்குகிற கயிற்றை அதன் நடுவில் கட்டினார். மேடையின் எடை கீழே இழுக்கிறது, கயிறு மேலே இழுக்கிறது, அந்த இழுவையில் பட்டை வில் மாதிரி வளைந்தே நிற்கும். வளைந்திருக்கும்வரை அதன் இரண்டு முனையும் பக்கத்துத் தண்டவாளங்களைத் தொடாது. அந்தத் தண்டவாளங்களில் ரம்பம் மாதிரி பல் வெட்டியிருக்கும். கயிறு அறுந்தால் இழுவை போய்விடும், வளைந்த பட்டை படக்கென்று நிமிரும், முனைகள் இரண்டு பக்கமும் பல்லுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். மேடை நின்றுவிடும்.

இதில் அழகு என்னவென்றால், ஆபத்து வந்தது என்று யாரும் போய்ச் சொல்ல வேண்டாம். மணி அடிக்க வேண்டாம், யாரும் கைப்பிடியை இழுக்க வேண்டாம். கயிறு அறுந்ததுதான் பிரேக் போடுகிற கை. கயிறு இழுத்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நொடியும் பிரேக்கை "பொறு, பொறு" என்று பிடித்து வைத்திருக்கிறது. அது கையை விட்டால் பிரேக் தன் வேலையைச் செய்கிறது.

இன்றைக்கு உங்கள் லிஃப்ட் மோட்டாரில் இருக்கிற பிரேக்கும் இதே ஜாதிதான். கரண்ட் இருந்தால் பிரேக் விடும், கரண்ட் போனால் ஸ்பிரிங் வந்து பிடிக்கும். அம்மா மாட்டிய அன்றைக்குக் கரண்ட் போயிருந்தால், அந்தக் கார் (ஆள் ஏறி நிற்கிற பெட்டியை நாங்கள் கார் என்போம்) நின்றது பழுதால் இல்லை, ஒழுங்காக வேலை செய்ததால்.

கணக்கு டீச்சர்:
ரயிலிலும் இதே யோசனைதான். வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்கர் 1870-களில் கொண்டுவந்த தானியங்கிக் காற்று பிரேக்கில், குழாயில் காற்றழுத்தம் இருந்தால் பிரேக் விடும், பெட்டி கழன்று குழாய் அறுந்தால் தானே பிடிக்கும். அபாயச் சங்கிலியை இழுத்தாலும் காற்றுதான் வெளியேறுகிறது. வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது ஓடிஸ் ஞாபகம் வந்ததே இல்லை எனக்கு. அவர் இருபது வருஷம் முந்திவிட்டார்.

மொட்டைமாடி:
வந்துவிட்டேன். கிரீஸ் கை அண்ணே, அந்தப் பட்டை விளக்கத்தை அப்படியே அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "லாரி பட்டை உடையுமே" என்றார். பார்த்துக்கொள்ளுங்கள்.

கதையைத் தொடர்கிறேன். 1853 வாக்கில் கட்டில் கம்பெனி நொடித்துவிட்டது. ஓடிஸ் மூட்டை கட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்குத் தங்கம் தேடப் போகத் தயாரானார். கிளம்பும் நேரத்தில், பக்கத்துத் தொழிலதிபர் ஒருவர் வந்து அந்த விழாத மேடை மாதிரி இரண்டு வேண்டும் என்றார், ஒன்று 300 டாலர். தங்கம் கிடக்கட்டும் என்று யாங்கர்ஸிலேயே ஒரு சின்னக் கம்பெனி தொடங்கினார்.

அதற்குப் பிறகு ஆர்டரே இல்லை. யாரும் வாங்கவில்லை. ஒரு பொருள் உயிரைக் காக்கும் என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? இன்சூரன்ஸ்காரர் படுகிற அதே பாடு.

1854-ல் நியூயார்க்கின் கிறிஸ்டல் பேலஸில் உலகத் தொழிற்கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. இரும்பும் கண்ணாடியுமாகக் கட்டிய பெரிய மண்டபம், இன்று பிரையன்ட் பூங்கா இருக்கும் இடம். அங்கே ஓடிஸ் தன் மேடையை நிறுத்தினார். பீப்பாய்கள், மூட்டைகள் எல்லாம் ஏற்றி, தானும் மேலே ஏறி நின்றார். கூட்டம் அண்ணாந்து பார்க்கிறது. உச்சிக்குப் போனதும் கயிற்றை வெட்டச் சொன்னார்.

வெட்டினார்கள். மேடை ஒரு குலுக்கல், சில அங்குலம் இறங்கி அப்படியே நின்றுவிட்டது. தலையில் இருந்த உயரத் தொப்பியைக் கழற்றி, "எல்லாம் பத்திரம், கனவான்களே, எல்லாம் பத்திரம்" என்றாராம். இதைத் திரும்பத் திரும்பச் செய்து காட்டினார்.

சும்மா கேட்கிறேன்:
சர்க்கஸ் வேலை மாதிரி இருக்கே. எனக்கு என்னமோ இதுல ஒரு விளம்பர வாடை அடிக்குது. நல்ல பொருளுக்கு வித்தை எதுக்கு?

பழைய பேப்பர்:
சர்க்கஸ் என்று சொன்னது சரியாகத்தான் பட்டிருக்கிறது. அந்த 1854-ல் கண்காட்சி நிர்வாகத்துக்குத் தலைவராக இருந்தவர் பி. டி. பார்னம். ஆமாம், பின்னாளில் சர்க்கஸ் நடத்திப் பெயர் வாங்கிய அதே பார்னம்தான். கூட்டம் சேர்க்கத் தெரிந்த மனிதர், அவருக்கு இப்படி ஒரு காட்சி கிடைத்தால் விடுவாரா?

கயிற்றை வெட்டியது கோடாலியா வாளா என்பதிலேயே ஆளுக்கு ஒரு கதை. பிற்காலப் படங்களில் மேலே ஒருவர் வாளோடு நிற்பார். கையில் எது இருந்தாலும் கீழே விழப்போவது ஓடிஸ்தான். அதனால் வித்தை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வித்தைக்காரன் பெட்டிக்குள் இன்னொருவரைப் படுக்கவைத்து அறுப்பான், இவர் தானே பெட்டியில் ஏறினார்.

அந்த மண்டபம் 1858 அக்டோபரில் தீப்பிடித்துச் சில நிமிஷங்களிலேயே இடிந்து விழுந்தது. கண்ணாடியும் இரும்பும் எரியாது என்று நம்பிக் கட்டிய கட்டடம்.

பிராட்வே பொடிநடை:
நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். முதல் பயணிகள் லிஃப்ட் ஏறிய கட்டடம் இன்னும் நிற்கிறது, சனிக்கிழமைகளில் அந்த வழியாக நடப்பேன். மன்ஹாட்டனில் பிராட்வேயும் புரூம் தெருவும் சந்திக்கும் முனை. ஐந்து மாடி, முகப்பு முழுக்க வார்ப்பிரும்பு. தூரத்தில் இருந்து கல் என்றுதான் நினைப்பீர்கள். கிட்டப் போய் விரலால் தட்டினால் டொக்கென்று இரும்புச் சத்தம் வரும். வெனிஸ் நகரத்துப் பழைய நூலகம் ஒன்றைப் பார்த்து அந்த ஜன்னல் வளைவுகளை வைத்தார்கள், ஒரே அச்சில் வார்த்து வரிசையாக மாட்டியது.

ஹாவ்வௌட் என்பவருடைய கடை அது. பீங்கான், கண்ணாடி, வெள்ளிச் சாமான், சரவிளக்கு. லிங்கனின் மனைவி வெள்ளை மாளிகைக்குப் பீங்கான் தட்டு ஆர்டர் கொடுத்தது இங்கேதான். 1857 மார்ச் 23-ல் ஓடிஸின் லிஃப்ட் இங்கே ஓட ஆரம்பித்தது. நீராவியில் ஓடியது, நிமிஷத்துக்கு 40 அடி.

என்னைக் கேட்டால் அந்தக் கடைக்கு லிஃப்ட் அவ்வளவு தேவையே இல்லை. ஐந்து மாடிதானே. ஜனங்கள் லிஃப்டை வேடிக்கை பார்க்க வருவார்கள், வந்தால் ஒரு கிண்ணமாவது வாங்குவார்கள் என்ற கணக்காக இருக்கும். வியாபாரி வியாபாரிதான்.

கணக்கு டீச்சர்:
நிமிஷத்துக்கு 40 அடி என்றால் நொடிக்கு 0.2 மீட்டர். நம் அபார்ட்மெண்ட் லிஃப்ட்கள் பல நொடிக்கு 0.68 மீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! படியில் போகிற பையன் ஜெயித்துவிடுவான்.

இந்த இழையில் யாரும் சொல்லாத ஒருவர், பீட்டர் கூப்பர். நியூயார்க்கில் கூப்பர் யூனியன் கல்லூரிக் கட்டடத்தை 1853-ல் கட்டத் தொடங்கினார். அப்போது ஆட்கள் ஏறும் லிஃப்ட் எங்கேயும் விற்பனைக்கே வரவில்லை. ஆனாலும் எப்படியும் யாராவது செய்வார்கள் என்று நம்பி, கட்டடத்தில் அது ஏறி இறங்குவதற்கான குழியை விட்டுக் கட்டிவிட்டார். அதையும் வட்டமாக. லிஃப்ட் வட்டமாகத்தான் வரும் என்பது அவர் முடிவு. உலகம் சதுரமாகச் செய்தது. வராத மருமகளுக்குத் தங்க வளையல் செய்து வைத்தது மாதிரி, அளவுதான் தப்பிப்போச்சு.

லிஃப்ட் வந்தபின் மாடிகளின் மரியாதையே மாறியது. அதற்கு முன் நகரத்து வீடுகளில் வசதியானவர்கள் கீழ்மாடிகளில், வேலைக்காரர்களும் ஏழைகளும் மொட்டைமாடிக்கு அடியில். ஹோட்டலில் மேலே போகப்போக வாடகை குறையும். 1870-ல் நியூயார்க்கின் ஈக்விட்டபிள் இன்சூரன்ஸ் கட்டடத்தில் அலுவலகங்களுக்கென்று லிஃப்ட் வைத்தார்கள். அதற்குப் பிறகு மேல்மாடி என்றால் காற்று, வெளிச்சம், கூடுதல் வாடகை. இன்றைக்கு நம் ஊரிலும் பில்டர் மாடிக்கு மாடி சதுர அடிக்கு இவ்வளவு என்று ஏற்றிக்கொண்டே போகிறாரே, அந்தப் பாவத்தில் ஓடிஸுக்கும் பங்கு உண்டு.

மொட்டைமாடி:
டீச்சர், நாங்கள் நாலாவது மாடிக்குக் கூடுதலாகக் கொடுத்தோம். அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

சும்மா கேட்கிறேன்:
சரி, அப்புறம் ஆளு பெரிய பணக்காரர் ஆயிட்டாரா?

பழைய பேப்பர்:
ஆகவில்லை. அந்த மனிதருக்கு ஒரு வேலையில் உட்கார முடியாது. லிஃப்ட் வியாபாரம் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும்போதே 1857-ல் நீராவி ஏருக்கும் 1858-ல் ரொட்டி சுடும் அடுப்புக்கும் காப்புரிமை வாங்கிக்கொண்டிருந்தார். அதற்கு முன் 1852-லேயே ரயில் பிரேக்குக்கும் வாங்கியிருக்கிறார், அதாவது விழாத மேடை செய்த அதே வருஷம். ரயில் பிரேக்கை எழுதிவைக்கத் தோன்றியவருக்கு இது தோன்றவில்லை.

லிஃப்டுக்கான காப்புரிமை கடைசியில் 1861 ஜனவரி 15-ல் வந்தது. எண் 31,128. மூன்றே மாதம். ஏப்ரல் 8-ல் டிப்தீரியா, 49 வயதில் போய்விட்டார். நான்கு நாள் கழித்து அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது, அப்புறம் யார் லிஃப்டைப் பற்றிப் பேசுவார்கள்?

பையன்கள்தான் தூக்கி நிறுத்தினார்கள். சார்லஸும் நார்ட்டனும் 1867-ல் ஓடிஸ் பிரதர்ஸ் என்று கம்பெனியைப் பதிந்தார்கள். 1889-ல் திறந்த ஈஃபில் கோபுரத்தின் சாய்ந்த கால்களுக்குள் ஏறும் லிஃப்டுக்குப் பிரெஞ்சுக் கம்பெனிதான் வேண்டும் என்று பாரிஸ்காரர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். இரண்டாவது தளம்வரை வளைந்து ஏறும் அந்தத் தடத்துக்கு முன்வந்த கம்பெனி ஓடிஸ் ஒன்றுதான். வேறு வழியில்லாமல் கொடுத்தார்கள். தாயில்லாமல் வளர்ந்த அந்த இரண்டு பையன்கள் செய்தது அப்பா செய்ததைவிடப் பெரிய வேலை என்று எனக்கு ஒரு எண்ணம். அப்பா யோசித்தார், இவர்கள் அந்த யோசனையைக் கைவிடாமல் உட்கார்ந்தார்கள்.

சும்மா கேட்கிறேன்:
எல்லாரும் புகழறீங்க. 1945-ல எம்பயர் ஸ்டேட் கட்டடத்துல விமானம் மோதினப்போ லிஃப்ட் விழுந்துச்சே? அது ஓடிஸ் லிஃப்ட்தானே? பிரேக் எங்க போச்சு?

கிரீஸ் கை:
நல்ல கேள்வி. இதை எங்கள் வேலையில் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள்.

1945 ஜூலை 28. மூடுபனியில் ஒரு பி-25 குண்டுவீச்சு விமானம் 79-வது மாடியில் மோதியது. 14 பேர் இறந்தார்கள். பெட்டி லூ ஆலிவர் என்ற 20 வயதுப் பெண், அங்கே லிஃப்ட் ஆப்பரேட்டர், காயம்பட்டுக் கிடந்தார். கீழே கொண்டுபோக அவரை இன்னொரு லிஃப்டில் ஏற்றினார்கள். மோதலில் அந்தக் கயிறுகளும் அடிபட்டிருந்தது யாருக்கும் தெரியாது. அறுந்தன. 75 மாடி விழுந்தது.

பிரேக் ஏன் பிடிக்கவில்லை? ஓடிஸின் கமான் பட்டை அப்போது போய்விட்டது. கட்டடம் உயர உயரக் கயிறு அறுவது மட்டுமே ஆபத்து இல்லை, வேகம் மீறுவதும் ஆபத்து. அதனால் கவர்னர் வந்தது. மேலே மெஷின் ரூமில் ஒரு சக்கரம், அதில் ஒரு மெல்லிய தனிக்கயிறு, அந்தக் கயிறு காரோடு கட்டப்பட்டு அதே வேகத்தில் ஓடும். வேகம் வரம்பை மீறினால் சக்கரத்தில் இருக்கும் கொக்கிகள் மையவிலக்கு விசையில் விரிந்து பூட்டும். சக்கரம் நின்றதும் கவர்னர் கயிறும் நிற்கும். கார் கீழே போகிறது, கயிறு வர மறுக்கிறது, அந்த இழுப்பில் காருக்கு அடியில் இருக்கும் ஆப்புகள் கைடு ரயிலை, அதாவது பக்கத்துத் தண்டவாளத்தை, கவ்வும். அன்றைக்கு அந்தக் கவர்னர் கயிறும் விமானத்தால் அறுபட்டிருந்தது. இழுக்க ஆளில்லை.

அந்தப் பெண் பிழைத்தார். கீழே விழுந்து சுருண்ட கயிறுக் குவியல் மெத்தை மாதிரி தாங்கியது, குழியில் அடைபட்ட காற்றும் கொஞ்சம் தடுத்தது என்பார்கள். காயம் கடுமையானதுதான், ஆனால் உயிரோடு வெளியே வந்தார்.

ஒரு விமானம் வந்து மோத வேண்டியிருந்தது. உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். இல்லை, வேண்டாம், சொல்லாதீர்கள்.

இன்னொன்று, உங்கள் காரைத் தூக்குவது ஒரு கயிறு இல்லை, மூன்றோ நாலோ இருக்கும், ஒன்று மட்டும் மிஞ்சினாலும் காரைத் தாங்கும். கயிற்றின் மறுமுனையில் எதிர் எடை வேறு இருக்கிறது. அது வெறும் காரையும் பாதி லோடையும் சேர்த்த எடைக்கு இருக்கும். அதனால் ஒரே ஆள் ஏறிய லிஃப்டில் பிரேக் போனால் கார் கீழே போகாது, மேலே போகும்! சினிமாவில் எல்லாம் கீழேதான் விழுகிறது.

தேன்மொழி:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் கயிற்றையே பேசுகிறீர்கள். என் அத்தை விழுந்தது கயிறு அறுந்து இல்லை. பழைய கட்டடம், கையால் இழுக்கிற கதவு. கதவு திறந்தது, கால் வைத்தார், கார் அங்கே இல்லை. முதல் மாடிதான் என்பதால் இடுப்பு எலும்போடு போயிற்று. பத்து வருஷம் ஆகிறது, இன்றும் எந்த லிஃப்ட் கதவு திறந்தாலும் நான் முதலில் தரையைப் பார்ப்பேன்.

அதனால் நான் சொல்ல விரும்பும் ஆள் அலெக்ஸாண்டர் மைல்ஸ். 1838-ல் ஓஹையோவில் பிறந்த கறுப்பின அமெரிக்கர். தொழில் முடிதிருத்தம். மின்னசோட்டா மாநிலத்து டலூத் நகரில் ஒரு ஹோட்டலில் கடை வைத்து, காசு சேர்த்து, நிலம் வாங்கி, மூன்று மாடிக் கட்டடமே கட்டினார். அந்த ஊர் வர்த்தக சபையில் சேர்ந்த முதல் கறுப்பர்.

அப்போதெல்லாம் லிஃப்ட் கதவையும் குழிக் கதவையும் ஆப்பரேட்டரோ பயணியோ ஞாபகமாகக் கையால் மூட வேண்டும். மறந்தால் வாய் பிளந்த கிணறு. மகள் கிரேஸோடு லிஃப்டில் போனபோது திறந்து கிடந்த குழியைப் பார்த்துப் பயந்துதான் இதில் இறங்கினார் என்று ஒரு கதை உண்டு. காரோடு ஒரு பட்டையை இணைத்து, மாடிக்கு மேலும் கீழும் உருளைகள் வைத்து, கார் வரும்போதும் போகும்போதும் அந்தப் பட்டை பட்டு நெம்புகோல்கள் வழியாகக் கதவுகள் தானே திறந்து மூடும்படி செய்தார். 1887 அக்டோபர் 11-ல் காப்புரிமை, எண் 371,207. தானே மூடும் கதவுக்கு அவருக்கு முன்பும் ஒருவர் காப்புரிமை வாங்கியிருக்கிறார், அதனால் முதல் ஆள் என்று சொல்ல மாட்டேன்.

பிறகு சிகாகோ போய், கறுப்பர்களுக்கு இன்சூரன்ஸ் தர மற்றவர்கள் மறுத்த காலத்தில் அவர்களுக்காகவே ஓர் இன்சூரன்ஸ் அமைப்பைத் தொடங்கினார். 1918-ல் சியாட்டிலில் காலமானார். ஓடிஸ் பெயர் வாசலுக்கு வாசல் இருக்கிறது. மைல்ஸ் பெயர் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

பழைய பேப்பர்:
பார்த்ததில்லை அம்மா. இத்தனை வருஷப் பேப்பரில் எனக்கும் கண்ணில் பட்டதில்லை.

கிரீஸ் கை:
தேன்மொழி தங்கச்சி சொன்னதை நான் சொல்லியிருக்க வேண்டும், கயிற்றுக் கதையில் மூழ்கிவிட்டேன். என் அனுபவத்தில் கயிறு அறுந்து கார் விழுந்ததை நான் பார்த்ததே இல்லை. கதவில் அடிபட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கதவுக்கு ஒரு பூட்டு உண்டு, இன்டர்லாக். கார் அந்த மாடியில் இல்லையென்றால் வெளிக்கதவு திறக்கக் கூடாது, எந்தக் கதவாவது திறந்திருந்தால் கார் நகரக் கூடாது. இரண்டும் அதன் வேலை. இதுவும் ஓடிஸ் புத்திதான்: தொடர்பு விட்டால் நிற்க வேண்டும். அந்தப் பூட்டில் கரண்ட் தொடர்பு தருகிற காண்டாக்ட் தேய்ந்தால் லிஃப்ட் அடிக்கடி நிற்கும். அப்போதுதான் அசோசியேஷனில் இருந்து போன் வரும்: "ஏம்ப்பா, எப்படியாவது ஓட வை, கல்யாண வீடு." எப்படியாவது என்றால் ஒரு துண்டு வயரை வைத்து லாக்கை ஷார்ட் பண்ணுவது. பிரமாதமாக ஓடும். கதவு திறந்தபடியும் ஓடும். அந்தத் துண்டு வயர் நாலு ரூபாய்கூட இருக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தடவை செய்தேன். இரவு தூக்கம் வரவில்லை, விடிவதற்குள் போய் எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு கிடையாது. திட்டினால் திட்டட்டும்.

தமிழ்நாட்டில் 1997-ல் லிஃப்டுக்கென்று தனிச் சட்டமே வந்தது, உரிமம் இல்லாமல் ஓட்டக் கூடாது. உங்கள் லிஃப்டுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற செயலாளர் இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

மொட்டைமாடி:
மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். உரிமத்தைக் கேட்டேன். இருக்கிறது, காலாவதியாகவில்லை. செயலாளர் கோபப்படவில்லை, அவரும் இந்த இழையைப் படித்திருக்கிறார்!

சர்வீஸ் ஆள் வந்தபோது கெஞ்சிக் கேட்டு மெஷின் ரூமுக்குப் போனேன். எண்ணெய் வாசனையும் சூடும். மூலையில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு சக்கரம், அதுதான் கவர்னர். மேலே சின்னத் தகட்டில் இரண்டு எண்: லிஃப்டின் வேகம் 0.68, பூட்ட வேண்டிய வேகம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். காரில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மெதுவாகக் கீழே இறக்கியபடியே கையால் கொக்கியைத் தட்டிவிட்டார். சக்கரம் டக்கென்று நின்றது. கீழே குழிக்குள் இருந்து பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் காரை மேலே இழுத்து ஆப்புகளை விடுவித்து, கைடு ரயிலில் டார்ச் அடித்துக் காட்டினார். இரண்டு பக்கமும் பளிச்சென்று புதுக் கீறல், விரல் நீளம். போனில் படம் எடுத்துக்கொண்டேன். கீறலை அரத்தால் தேய்த்துவிட்டுத்தான் லிஃப்டை ஓட விட்டார்.

அம்மா மாட்டியதற்குக் காரணம் மூன்றாவது மாடிக் கதவின் காண்டாக்ட்தான், தேய்ந்திருந்தது. புதுசு போட்டாயிற்று, துண்டு வயர் எதுவும் இல்லை, நானே பார்த்தேன்.

படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இவ்வளவுதானா கவ்வும்?" என்றார். இவ்வளவு போதும் அம்மா என்றேன். நேற்று மாலை பால் வாங்கிக்கொண்டு லிஃப்டில்தான் வந்தார், நான் கூட நின்றேன். இரண்டாவது மாடி தாண்டும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏண்டா, கரண்டு போனா?"

கிரீஸ் கை:
ஏஆர்டி இருக்கிறதா பாருங்கள் தம்பி, கரண்ட் போனால் தானே மீட்கிற கருவி. பேட்டரியில் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடும். பேட்டரியை எப்போது மாற்றினார்கள் என்றும் கேளுங்கள். தேதியைப் பேட்டரி மேலேயே எழுதியிருப்பார்கள்.